எந்த அறையில் தண்ணீர்?

நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு ஆடும் பிள்ளைகளுக்கு அந்த எண் நன்றாகத் தெரியும். மேலே போர்க்கப்பல் சுற்றிச் சுற்றி வருகிறது. கீழே நம் கப்பல் பதுங்கிக் கிடக்கிறது. டெப்த் சார்ஜ் என்கிற ஆழ்நீர் வெடிகுண்டு ஒன்று பக்கத்தில் வெடிக்கிறது. திரை குலுங்குகிறது, நூறாக இருந்த எண் எண்பத்தெட்டு ஆகிறது. இன்னொன்று வெடித்தால் எழுபத்தொன்று. பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. ஒரு கப்பலையும் அதற்குள் இருக்கும் ஐம்பது பேரையும் அவர்கள் படும் பாட்டையும் சேர்த்து, அடி விழ விழக் குறையும் ஒரே எண்ணாகக் காட்டிவிடுகிறார்கள்.

இந்த எண்ணோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. விளையாட்டு சரியில்லை என்பதற்காக மட்டும் அல்ல. இப்போதைய பிள்ளைகள் தங்கள் துன்பத்தையும் இப்படி ஒற்றை எண்ணாகவே பார்க்கிறார்கள் என்பது என் கவலை. பரீட்சையில் தோற்ற பிள்ளை, வேலை போன பையன், கல்யாணம் முறிந்த பெண் என்று யாரிடம் பேசினாலும் "எல்லாமே போச்சு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எது போயிற்று, எது இருக்கிறது என்று கேட்டால் உடனே சொல்லத் தெரிவதில்லை. நூறிலிருந்து இருபதுக்கு வந்துவிட்டேன் என்கிற மாதிரி ஒரு உணர்ச்சி மட்டும் இருக்கிறது. கடலுக்கடியில் நிஜமாகவே அடிபட்டவர்களுக்கு நடந்தது அப்படி அல்ல. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் கோவையில் ஒரு நூற்பாலையில் பம்பு, பாய்லர், தண்ணீர் லைன் பராமரிப்பில் ஃபிட்டராக இருந்தவன். கடலோடு எனக்குச் சம்பந்தம் இல்லை. ஆனால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீரோடு நிறையச் சம்பந்தம் உண்டு. என் மகன் வாங்கி வைத்திருந்த 'சைலன்ட் ஹண்டர் 3' விளையாட்டை அவன் சீக்கிரமே விட்டுவிட்டான், நான் பிடித்துக்கொண்டேன். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்தில் உருவாகி 2005-ல் வெளிவந்த விளையாட்டு அது. இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் கடலில் திரிந்த ஜெர்மானிய நீர்மூழ்கிகள்தான் அதன் களம். அதிலிருந்து ஆரம்பித்து, அந்தப் போரில் இந்தக் குண்டுகள் உண்மையில் என்ன செய்தன என்று படிக்கப் போய், அது எனக்கு ஒரு தனிப் படிப்பாகவே ஆகிவிட்டது.

முதலில் குண்டைப் பார்ப்போம். பிரிட்டிஷ் கடற்படை அந்தப் போரில் அதிகம் பயன்படுத்திய ஏழாம் ரகம், பார்க்க ஒரு எண்ணெய் டிரம் மாதிரிதான் இருக்கும். உள்ளே 130 கிலோ அளவுக்கு வெடிமருந்து. கப்பலின் பின்பக்கத்திலிருந்து உருட்டிவிடுவார்கள். பக்கவாட்டில் எறிவதற்குத் தனிக் கருவி உண்டு. எந்த ஆழத்தில் வெடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே திருகி வைத்துவிடுவார்கள். குண்டு இறங்க இறங்கத் தண்ணீரின் அழுத்தம் ஏறும். வைத்த அளவை அந்த அழுத்தம் எட்டியதும் வெடிக்கும். நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் குண்டுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆழம் ஒன்றுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். அந்தக் குண்டு நொடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில்தான் இறங்கும். நீர்மூழ்கி நூறு மீட்டர் ஆழத்தில் இருந்தால், குண்டு அங்கே போய்ச்சேர முப்பது நொடிக்கு மேல் ஆகும். மணிக்கு நான்கு கடல் மைல் வேகத்தில் மெதுவாக நகரும் நீர்மூழ்கிகூட அதற்குள் அறுபது எழுபது மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதோடு இன்னொரு சிக்கல். மேலே இருக்கும் கப்பலின் அஸ்டிக் கருவி, அதாவது அந்தக் காலத்துச் சோனார், முன்பக்கமாகத்தான் ஒலியை அனுப்பும். கப்பல் கிட்டே நெருங்க நெருங்க நீர்மூழ்கி அந்த ஒலிக்கற்றைக்குக் கீழே நழுவிவிடும். கடைசி நூறு இருநூறு மீட்டர் தூரத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் கடக்க வேண்டும். அந்த நேரத்தில் கீழே இருக்கும் கேப்டன் சுக்கானைத் திருப்பினால் போதும், கணக்கு மாறிவிடும்.

சரி, எவ்வளவு பக்கத்தில் வெடித்தால் கப்பல் சாகும்? பிரிட்டிஷார் போட்ட மதிப்பீட்டின்படி 22 மில்லிமீட்டர் எஃகுக் கூட்டைப் பிளக்க, இந்தக் குண்டு ஏறக்குறைய 6 மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். 12 மீட்டருக்குள் என்றால் மேலே வந்தே தீர வேண்டிய அளவுக்குச் சேதம். அதைத் தாண்டினால் சத்தமும் குலுக்கலும் பயமும்தான் பெரும்பங்கு. கடலின் விரிவில் ஆறு மீட்டர் என்பது எவ்வளவு சின்ன இடம் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படையின் போர்க்காலக் கணக்கைப் பார்த்தால், அறுபது முறை டெப்த் சார்ஜ் தாக்குதல் நடத்தினால் ஒரு நீர்மூழ்கி மூழ்கியிருக்கிறது. மிச்சம் ஐம்பத்தொன்பது முறையும் கீழே இருந்தவர்கள் அத்தனை குலுக்கலையும் வாங்கிக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் அதிர்வேட்டுப் போடும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், கைக்குழந்தை வீறிடும், ஒரு ஓடுகூட நகராது. சத்தம் வேறு, சேதம் வேறு என்பது நாம் பார்த்துப் பழகியதுதான். இருந்தாலும் அடி நம் மேலே விழும்போது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். அமெரிக்க நீர்மூழ்கிகளில் இருந்தவர்கள் எழுதிவைத்த நினைவுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். குண்டு வெடிக்கும்போது முதலில் 'க்ளிக்' என்று ஒரு ஓசை, அப்புறம்தான் பேரிடி. க்ளிக்குக்கும் இடிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் குண்டு தூரத்தில். இரண்டும் சேர்ந்து வந்தால் பக்கத்தில். இடி எவ்வளவு பெரிது என்பதை அந்தப் பழகிய காதுகள் பொருட்படுத்தவில்லை. இடைவெளியை மட்டும் அளந்துகொண்டிருந்தன.

விளையாட்டு செய்கிறவர்கள் இங்கேதான் பெரிதும் தவறுகிறார்கள். தண்ணீருக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் நெருப்புக்கோளம் வரைகிறார்கள். எவ்வளவு ஆழத்தில் வெடித்தாலும் மேலே பனைமர உயரத்துக்கு நீர்த்தம்பம் எழுப்புகிறார்கள். உண்மையில் ஆழத்தில் வெடிக்கும் குண்டு மேலே பெரிய தம்பத்தை எழுப்பாது. கடல்பரப்பு லேசாகக் குமிழ்ந்து, கொதித்து, வெளுத்து அடங்கும். கீழே நடப்பது இன்னும் வேறு. முதலில் அதிர்ச்சி அலை வரும். காற்று நசுங்கிக்கொடுக்கும், தண்ணீர் நசுங்காது. அதனால் அந்த அலை காற்றில் போவதைவிட மிக வேகமாக, மிகக் கடினமாக வந்து எஃகின் மேல் மோதும். அப்புறம் வெடித்த இடத்தில் ஒரு வாயுக் குமிழி ஊதிப் பெருத்து, சுருங்கி, மறுபடியும் பெருத்து, மேல்நோக்கி நகரும். முதல் அறையை வாங்கிய கப்பலுக்கு அந்தக் குமிழியின் ஒவ்வொரு துடிப்பும் இன்னொரு உலுக்கல்.

'சைலன்ட் ஹண்டர் 3'-ல் இதற்கெல்லாம் பின்னால் இருப்பது சில எண்கள். வெடிப்புக்குக் குறைந்தபட்ச ஆரம் ஒன்று, அதிகபட்ச ஆரம் ஒன்று. உள்ளே இருந்தால் முழு அடி, வெளியே போகப் போகக் குறைந்த அடி. உலகம் பூராவும் இருக்கும் ஆட்டக்காரர்கள் அந்தக் கோப்புகளைத் திறந்து ஆரத்தைக் கூட்டியும் குறைத்தும் வருடக்கணக்கில் உழைத்தார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஆரத்தைச் சரிசெய்வதோடு உண்மை வந்துவிடாது. அடி எவ்வளவு என்பதைவிட, அடி எதை உடைத்தது என்பதுதான் உள்ளே இருப்பவனுக்கு முக்கியம்.

உடைவது எது? கேப்டனும் மாலுமிகளும் பயப்படுவது எஃகுக் கூட்டைப் பற்றி. ஆனால் கூடு பிளப்பதற்கு முன்பே உடைவதெல்லாம் சின்னச் சாமான்கள். விளக்கு பல்புகள் போகும். கேஜ் கண்ணாடி நொறுங்கும். சுவரில் ஒட்டிய தக்கைப் பூச்சு பொலபொலவென்று உதிரும். மின்பலகையில் சுவிட்சுகள் தானே விழுந்துவிடும். இறுக்கி மூடிய வால்வின் கைச்சக்கரம் அதிர்விலேயே திரும்பித் திறந்துகொள்ளும். பேட்டரி ஜாடியில் கீறல் விட்டு, ஆசிட்டும் கடல்நீரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குழாய்க்குள் இருக்கும் மனிதர்களுக்கு அதைவிடக் கொடியது வேறில்லை.

எனக்கு நன்றாகப் புரிவது கிளாண்ட். புரொப்பல்லர் ஷாஃப்ட் கப்பலுக்கு உள்ளேயிருந்து வெளியே போகும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். எங்கள் மில் பம்பிலும் இதே அமைப்பு. ஷாஃப்டைச் சுற்றிக் கயிறு மாதிரிப் பேக்கிங் அடைத்து, மேலே ஒரு தட்டை வைத்து நட்டுப் போட்டு இறுக்கியிருப்போம். இறுக்கம் குறைந்தால் ஒழுகும். கூடினால் ஷாஃப்ட் சூடேறி, பேக்கிங் கருகி, அதைவிட மோசமாக ஒழுகும். மில்லில் இருப்பது இரண்டு மூன்று மடங்கு காற்றழுத்தம். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு மடங்கு கூடும். நூற்றைம்பது மீட்டரில், வெளியே பதினைந்து மடங்கு அழுத்தத்தோடு தண்ணீர் காத்திருக்கும். அந்த ஆழத்தில் ஒழுகும் கிளாண்டின் முன்னால், மங்கிய விளக்கில், ஸ்பேனர் சத்தம்கூட வெளியே கேட்டுவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த ஃபிட்டரை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

இதை மனதில் வைத்துத்தான் என் மகள் வீட்டுப் பேரனோடு உட்கார்ந்து ஆடுவேன். ஒருநாள் அவன், "அப்பச்சி, ஹெல்த்து நாப்பதுதான் இருக்குது, அவ்ளோதான்" என்று கையை எடுத்துவிட்டான். "கண்ணு, அந்த நம்பரை விடு. எந்த ரூம்ல தண்ணி?" என்று கேட்டேன். சேதப் பலகையைத் திறந்து பார்த்தான். பின்பக்க டார்பிடோ அறையில் மட்டும் நீர் ஏறிக்கொண்டிருந்தது. டீசல் இன்ஜின் ஒன்று கெட்டிருந்தது. நீருக்கடியில் இருக்கும்போது அதனால் பயனும் இல்லை, பாதகமும் இல்லை. மின்மோட்டார் நன்றாக இருந்தது. பேட்டரி பாதி. பழுதுபார்க்கும் ஆட்களைப் பின்னறைக்கு அனுப்பினான். நீர் நின்றது. அந்த விளையாட்டில் கூட்டின் சதவீதம் துறைமுகம் திரும்பும்வரை ஏறாது. ஆனால் அறைகளைக் கடலிலேயே பழுதுபார்த்துக்கொள்ளலாம். நாற்பதிலேயே ஊர் போய்ச்சேர்ந்தோம்.

மில் மூடியபோது எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். ஒருநாள் காலை ஷிஃப்டுக்குப் போனால் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வரவேண்டிய கணக்கு எப்போது வரும் என்று சொல்ல ஆள் இல்லை. நானும் எல்லாமே போச்சு என்றுதான் திண்ணையில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி மளிகை நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, "என்னென்ன போச்சுன்னு சொல்லுங்க, எழுதறேன்" என்றாள். சம்பளம் போச்சு என்றேன், எழுதினாள். அப்புறம் அவளே எழுதிக்கொண்டு போனாள். வீடு சொந்தம், அது இருக்கிறது. மளிகைக் கடைக்காரர் கடன் தருவார், அது இருக்கிறது. அம்மாவின் சர்க்கரை மருந்து நிற்கக் கூடாது, அதுதான் முதல் ஒழுக்கு. மகள் பள்ளிக் கட்டணம் ஜூனில், அது இரண்டாவது. பம்பு ரிப்பேர் தெரியும்; கோவையில் பம்புக்குப் பஞ்சமில்லை, அது இருக்கிறது. நோட்டில் எழுதிப் பார்த்தபோது தண்ணீர் வந்துகொண்டிருந்தது இரண்டு அறையில்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பணத்தைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். உடைந்தது என் தூக்கம். அதோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது. பல்பும் கேஜ் கண்ணாடியும் மாதிரி, யாரும் காவல் காக்காத சின்னச் சாமான்கள்தான் முதலில் போகின்றன. ராத்திரி சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ஏதாவது பேச வேண்டும் என்று அவள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். பணம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே தூக்கம் திரும்பி வந்துவிட்டது.

குண்டு வெடிக்கும் நேரத்திலேயே நீர்மூழ்கிக்காரர்கள் ஒரு வேலை செய்வார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேலே ஒருவன் ஹைட்ரோஃபோன் என்கிற நீருக்கடிச் சத்தம் கேட்கும் கருவியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது கீழே பம்பு ஓட்ட முடியாது, ஓட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே வந்த தண்ணீரை வெளியேற்றாமலும் இருக்க முடியாது. அதனால் குண்டு வெடிக்கும்வரை காத்திருப்பார்கள். வெடித்ததும் கடல் கலங்கி, மேலே இருப்பவன் காது சில நிமிடம் செயலிழந்து போகும். அந்த இரைச்சலுக்குள்தான் பம்பைப் போடுவார்கள், மோட்டாரை வேகப்படுத்தித் திசை மாறுவார்கள். அடங்கியதும் நிறுத்திவிடுவார்கள். தங்களைக் கொல்ல வந்த சத்தத்தையே மறைப்பாக வைத்துக்கொண்டு தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். நல்ல விளையாட்டுகளில் இது அப்படியே வேலை செய்யும். பழகிய ஆட்டக்காரன் குண்டு வெடிக்கும் நொடியில்தான் வேகத்தைக் கூட்டுவான்.

அடிக்கிறவன் பக்கத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாழ்க்கையில் நாம் எப்போதும் கீழேயே இருப்பதில்லை. 1941-ல் பிரிட்டிஷ் கரையோர விமானப்படை நீர்மூழ்கிகள் மேல் போட்ட குண்டுகளை 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்தது. விமானத்தைப் பார்த்ததும் நீர்மூழ்கி உள்ளே போய்விடும், விமானம் வந்துசேர்வதற்குள் அவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பேட்ரிக் பிளாக்கெட் என்ற விஞ்ஞானியோடு வேலை செய்த ஈ. ஜே. வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் இதை உட்கார்ந்து யோசித்தார். நூறடி போய்விட்ட நீர்மூழ்கி எந்தப் பக்கம் திரும்பியது என்றே தெரியாது. அதன் மேல் போடும் குண்டு எப்படியும் வீண். அடிக்கக்கூடியது, இன்னும் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரிகிற நீர்மூழ்கி மட்டும்தான். அதன் கீழே நூறடியில் வெடித்து என்ன பயன்? 25 அடிக்குக் குறைக்கச் சொன்னார். அதே விமானம், அதே குண்டு. மூழ்கிய நீர்மூழ்கிகளின் எண்ணிக்கை பலமடங்கு கூடியது. பிடிபட்ட ஜெர்மானியர்கள், ஆங்கிலேயர் புதிதாக ஏதோ வலுவான வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நம்பியிருக்கிறார்கள். கண்முன்னால் இருக்கும் சிக்கலை விட்டுவிட்டு, நடந்துவிடுமோ என்று நினைக்கும் மோசமான நிலைக்கே எல்லா மருந்தையும் திருகி வைக்கும் பெற்றோர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு இன்று கணக்கில் ஒரு பாடம் புரியவில்லை. இவர்கள் பத்து வருடம் கழித்து வரப்போகும் வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு அவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அதே போரில் ஹெட்ஜ்ஹாக் என்று ஒரு ஆயுதம் வந்தது. இருபத்துநான்கு சின்னக் குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் வட்டமாக எறியும். அஸ்டிக் தொடர்பு அறுந்துபோவதற்கு முன்பே எறிந்துவிடலாம். அந்தக் குண்டுகள் எதிலாவது மோதினால்தான் வெடிக்கும். தவறினால் சத்தமில்லாமல் கடலடிக்குப் போய்விடும். போர் முடிந்து கணக்குப் பார்த்தபோது ஏறக்குறைய ஆறு தாக்குதலுக்கு ஒரு நீர்மூழ்கி மூழ்கியிருந்தது. டெப்த் சார்ஜைவிடப் பத்து மடங்கு சிறப்பு. இருந்தும் ஆரம்பத்தில் கப்பல்காரர்களுக்கு அதைப் பிடிக்கவில்லை. எறிந்தால் ஒன்றும் வெடிக்கவில்லையே, கடல் பொங்கவில்லையே, நாம் ஏதாவது செய்தோமா இல்லையா என்றே தெரியவில்லையே என்பது அவர்கள் குறை. கடலைக் கலக்கும் டிரம்மைத்தான் அவர்கள் மனது நம்பியது. வீட்டில் கத்தித் தீர்த்தால்தான் கண்டித்த மாதிரி இருக்கிறது என்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிலர் கேட்டுக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைப் பாதித்தது அமெரிக்க நீர்மூழ்கி பஃபரின் கதை. 1943 அக்டோபரில் போர்னியோவுக்கும் சுலாவெசிக்கும் நடுவில் இருக்கும் மக்காசர் நீரிணையில் ஒரு ஜப்பானியக் கப்பலைத் தாக்கிவிட்டு அது உள்ளே போனது. துரத்திவந்த காவற்கப்பல்கள் முப்பது மணி நேரத்துக்கும் மேலாக அதை மேலே வரவிடவில்லை. குண்டுகள் தொடர்ந்து விழுந்த நேரம் கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் அடுத்தது எப்போது என்ற காத்திருப்பு. சத்தம் கேட்கும் என்று குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டார்கள். பூமத்தியரேகைக்குப் பக்கத்துக் கடல், உள்ளே வெந்தது. மூச்சுக்காற்று கெட்டது. உடம்பெல்லாம் வேர்வை, தரையெல்லாம் வழுக்கல். முதலில் எல்லோருக்கும் கோபம், எதைப் பார்த்தாலும் கோபம். அப்புறம் கோபம் போய்ச் சோர்வு வந்து, வேலை இல்லாமல் படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை.

கரை சேர்ந்த பிறகு அந்த மாலுமிகளிடம் விசாரித்து எழுதிவைத்தார்கள். கடைசிவரை நின்று வேலை பார்த்தவர்கள், முன்பு எல்லோரும் தலைவர்கள் என்று நினைத்த துடிப்பான ஆட்கள் அல்ல. சீக்கிரம் கவலைப்படுகிறவர்களும் எதற்கும் பறக்கிறவர்களும் முதலில் விழுந்துவிட்டார்கள். மெதுவாக, அலட்டாமல், சொன்ன வேலையைச் செய்துகொண்டே போகும் ஆட்கள்தான் கப்பலை ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் மில்லிலும் அப்படி ஒருவர் இருந்தார், பெயர் வேண்டாம். யூனியன் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார், சூப்பர்வைசர் கண்ணில் பட மாட்டார். மில் மூடிய பிறகு நாங்கள் கோர்ட்டுக்கு நடந்த வருடங்களில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சம்பளச் சீட்டுகள் இருந்த மஞ்சள் பையோடு வந்து நின்றவர் அவர்தான். முதல் வருடம் மேடையில் முழங்கியவர்களில் பாதிப்பேரை அப்புறம் பார்க்கவே முடியவில்லை. அவர் பையிலிருந்த சீட்டுகளை வைத்துத்தான் எங்கள் கணக்கே தீர்ந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் போன சுமார் நாற்பதாயிரம் பேரில் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் திரும்பி வரவில்லை. அமெரிக்கா 52 நீர்மூழ்கிகளை இழந்தது. அவர்களில் பொறுமைசாலிகள் எத்தனையோ, நல்ல ஃபிட்டர்கள் எத்தனையோ. ஆறு மீட்டருக்குள் வெடித்த குண்டுக்கு முன்னால் யாருடைய நிதானமும் நிற்காது. அவர்கள் எறிந்த டார்பிடோவில் இறந்த வணிகக் கப்பல் மாலுமிகளுக்கோ அறை அறையாகப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. விளையாட்டில் ஜெர்மானியக் கேப்டனின் நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அதே மாதிரி, எந்த அறையில் தண்ணீர் என்ற கேள்வியைத் துன்பத்தில் இருக்கும் எல்லோரிடமும் உடனே கேட்டுவிடவும் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் வீட்டில் போய் நோட்டைத் திருப்ப முடியாது. அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

கடைசிச் சில வருடங்களில் வந்த விளையாட்டுகள் நல்ல வழியில் போகின்றன என்பது எனக்குச் சந்தோஷம். போலந்துக்காரர்கள் செய்த 'யூபோட்' விளையாட்டில் கப்பலை நீளவாக்கில் அறுத்துக் காட்டுகிறார்கள். எந்த அறையில் யார், எங்கே ஒழுகுகிறது, யாருக்கு மனசு தளர்ந்துவிட்டது என்பதெல்லாம் தெரிகிறது. ஸ்வீடன்காரர்களின் 'வுல்ஃப்பேக்' விளையாட்டில் நாலைந்து பேர் சேர்ந்து ஆளுக்கொரு வேலையாகப் பார்க்கிறார்கள். ஒருவன் ஹைட்ரோஃபோனில் கேட்டுச் சொல்ல வேண்டும், இன்னொருவன் சுக்கான் பிடிக்க வேண்டும். ஒருவன் மட்டும் வீரனாக இருந்து அங்கே ஒன்றும் ஆகாது.

நம் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது விளையாட்டு எழுதுகிறார்கள். கோவையிலேயே அந்த வேலை பார்க்கிற பையன்களையும் பெண்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் யாராவது நீர்மூழ்கி விளையாட்டு எழுதுவதாக இருந்தால் என் விண்ணப்பம் இது. அந்தச் சதவீத எண்ணை எடுத்துவிடுங்கள். கடைசிக் குண்டு வெடித்ததும் வெற்றி என்று எழுத்துப் போட்டு முடிக்காதீர்கள். மேலே இருக்கும் கப்பல் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறதா, போய்விட்டதா என்று தெரியாத அந்த மணிநேரங்களை ஆடவிடுங்கள். குண்டு வெடிப்பதை எழுத ஒரு வாரம் செலவு செய்தால், கிளாண்ட் ஒழுகுவதை எழுத இரண்டு வாரம் செலவு செய்யுங்கள். நட்டை ஒரே மூச்சில் இறுக்கினால் ஷாஃப்ட் சூடேற வேண்டும். இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றிக் கால் திருப்பு, கால் திருப்பாக இறுக்கி, சொட்டு எண்ணிக்கை குறைகிறதா என்று பார்த்து, தட்டு கோணாமல் இருக்கிறதா என்று விரலால் தடவி, அப்புறம்தான் அடுத்த கால் திருப்பு. சுத்தமாக நிறுத்தவும் கூடாது. ஷாஃப்ட் குளிர்ச்சிக்கு ஒன்றிரண்டு சொட்டு விழுந்துகொண்டே இருக்க வேண்டும். எந்த அளவில் விட வேண்டும் என்பதை வரைந்து காட்டச் சொன்னால் வரைந்து தருகிறேன். கைவேலையாகப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் தெருமுனைப் பம்பு ஒர்க்ஷாப்பில் சனிக்கிழமை காலையில் வந்து பார்க்கலாம்.